நண்பர் வீட்டு வாசலா, ஊருக்கு வெளியே கேம்ப் தளமா?

மோட்டார்ஹோமில், அதாவது கட்டிலும் சமையலும் உள்ளேயே இருக்கும் வண்டியில், பயணம் போகிறவர்களுக்கு மலையடிவாரமும் கடற்கரையும் பெரிய பிரச்சினை இல்லை. பெரிய நகரம் வந்தால்தான் எங்கே நிறுத்துவது என்ற கவலை தொடங்கும். அங்கே நண்பர் இருப்பார், பார்க்க வேண்டிய இடங்களும் இருக்கும். ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி இரண்டையும் முடித்துக்கொள்ளலாம் என்றுதான் முதலில் தோன்றும். நான் அப்படிச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன். நண்பருக்கு ஒரு நிறுத்தம், நகரத்துக்கு வேறொரு நிறுத்தம் என்று பிரித்துக்கொண்டால் இரண்டும் நிம்மதியாக நடக்கும்.

நண்பர் வீட்டு வாசலில் நிறுத்துகிற சுகத்துக்கு ஈடு கிடையாது. ராத்திரி எவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தாலும் பத்தடி நடந்தால் நம் கட்டில். நமக்காக யாரும் அறையை ஒழிக்க வேண்டாம், மெத்தை விரிக்க வேண்டாம். காலையில் அவர்கள் வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில் குளியலறை வாசலில் நாமும் நிற்க வேண்டாம். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் கேட்கவே வேண்டாம். டிரைவர் சீட்டுக்கு மேலே இருக்கும் படுக்கையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மேசையை இறக்கிக் கட்டிலாக்கச் சொல்லி, மறுபடி மேசையாக்கச் சொல்லி, அம்மா கூப்பிட்டாலும் இறங்க மாட்டார்கள்.

ஆனால் வீட்டு வாசல் என்பது காருக்காகப் போட்டது. பின்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு மீட்டருக்கு மேல் நீண்டிருக்கும் வண்டி, சரிவில் ஏறும்போது வால் தரையில் உரசும். தாழ்ந்த மரக்கிளையும் வயரும் காரில் வருகிறவர் கண்ணில் படாது. அதனால் நண்பரிடம் வாசலைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்வது நல்லது. வண்டி சாயாமல் மட்டமாக நிற்பதும் முக்கியம். காஸிலும் ஓடும் அப்சார்ப்ஷன் வகை ஃபிரிட்ஜ் சாய்ந்த நிலையில் நெடுநேரம் ஓடினால் அதன் குளிரூட்டும் பகுதியே கெட்டுவிடும். வீட்டில் இருப்பதுபோன்ற கம்ப்ரஸர் ஃபிரிட்ஜுக்கு இந்தத் தொல்லை இல்லை.

அப்புறம் மின்சாரம். 120 வோல்ட் நாடுகளில் சாதாரண வீட்டு பிளக் 15 ஆம்பியர், அதாவது அதிகபட்சம் 1,800 வாட். 230 வோல்ட் நாடுகளில் 10 ஆம்பியர் இணைப்பு என்றால் 2,300 வாட். கூரையில் இருக்கும் ஏசி ஒன்றே கிட்டத்தட்ட 1,500 வாட் இழுக்கும். அது ஓடும்போது மைக்ரோவேவையும் போட்டால் நண்பர் வீட்டு பிரேக்கர் விழுந்துவிடும். எக்ஸ்டென்ஷன் வயர் தடிமனாக இருக்க வேண்டும். உருளையில் சுற்றிய வயரை முழுவதும் பிரித்துத்தான் போட வேண்டும்; சுற்றியபடியே விட்டால் சூடேறி உருகக்கூடும்.

இதெல்லாம் சமாளிக்கக்கூடியவை. சமாளிக்க முடியாதது அக்கம்பக்கம். பல குடியிருப்புகளில் இப்படிப்பட்ட வண்டி இரவு தங்கக் கூடாது என்று விதியே இருக்கிறது. பொதுத் தெருவில் வண்டிக்குள் தூங்குவதற்கும் பல ஊர்களில் தடை உண்டு. நாம் இரண்டு நாளில் கிளம்பிவிடுவோம். பக்கத்து வீட்டாரின் முகத்தைத் தினமும் பார்க்கப்போவது நண்பர். ஒரு ராத்திரி, மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்கு மேல் நட்பின் பேரில் நீட்டிப்பது சரியில்லை.

சரி, வண்டியோடு நேராக நகரத்துக்குள்ளேயே போனால்? ஆறு மீட்டர் நீளத்துக்குள் அடங்கும் வேன் வகை என்றால், விடியற்காலையில் போய், திறந்தவெளிப் பார்க்கிங்கில் இடம் பிடித்து, கூட்டம் சேர்வதற்குள் திரும்பலாம். அதைவிடப் பெரிய வண்டிக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். அடுக்குமாடிப் பார்க்கிங் பலவற்றில் நுழைவு உயரம் 2 மீட்டர் சொச்சம்தான். மோட்டார்ஹோமோ 3 மீட்டரை ஒட்டியும் தாண்டியும் நிற்கும். திருப்பும்போது வால் எதிர்ப்பக்கம் வீசும், அங்கே நிற்கும் காரின் கண்ணாடி போய்விடும். லண்டன் உட்படப் பல ஐரோப்பிய நகரங்களில் பழைய டீசல் வண்டிக்குத் தடையோ தனிக் கட்டணமோ உண்டு. சில சுரங்கப்பாதைகளில் காஸ் சிலிண்டரோடு நுழையவே கூடாது.

பாலங்களின் உயரத்தை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அமெரிக்காவின் வட கரோலைனாவில் டர்ஹாம் நகரத்து ரயில் பாலம் ஒன்று 11 அடி 8 அங்குல உயரத்தில் இருந்தது. எச்சரிக்கைப் பலகைகள் இருந்தும் உயரமான வண்டிகள் வந்து மோதிக்கொண்டே இருந்ததால் 2019-ல் அதை 8 அங்குலம் தூக்கினார்கள். அதற்குப் பிறகும் மோதல் நிற்கவில்லை. ஏசியையும் சேர்த்து வண்டியின் மொத்த உயரத்தை அளந்து, ஸ்டியரிங் பக்கத்தில் எழுதி ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வழி, நகர எல்லையில் இப்படிப்பட்ட வண்டிகள் தங்குவதற்கென்றே இருக்கும் கேம்ப் தளத்தில் நிறுத்திவிட்டு ரயிலிலோ பஸ்ஸிலோ உள்ளே போவது. ஊர் பார்க்க இதுதான் சரியான வழி என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பார்க்கிங் கவலை இல்லாமல் நடக்கும்போதுதான் நகரம் கண்ணில் படுகிறது. தளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நீச்சல் குளம், வைஃபை எல்லாம் அப்புறம்; முதலில் நிலையத்துக்கு நடக்கும் தூரம் எவ்வளவு, கடைசி ரயிலோ பஸ்ஸோ எத்தனை மணிக்கு என்று பாருங்கள். வெறும் தூரத்தை நம்பி ஏமாறக் கூடாது. நகர மையத்திலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி, ஆனால் ரயில் பாதையை ஒட்டியிருக்கும் தளம், எட்டு கிலோமீட்டரில் பஸ்ஸே வராத தளத்தைவிட எவ்வளவோ மேல். நாய் கூட வந்தால் கணக்கு மாறும்: வெயிலில் மூடிய வண்டிக்குள் சூடு நிமிஷங்களில் ஏறிவிடும், நாள் முழுக்க விட்டுவிட்டுப் போக முடியாது.

நண்பரை அந்தத் தளத்துக்கே வரச் சொல்லலாமே என்பார்கள். பகலில் வரலாம். ஆனால் பெரும்பாலான தளங்களில் இரவு பத்து மணிக்கு மேல் சத்தம் கூடாது, சில இடங்களில் விருந்தாளிக்குத் தனிக் கட்டணம் உண்டு. மனம்விட்டுப் பேசத் தொடங்கும் நேரத்தில் அவர்கள் கிளம்ப வேண்டியிருக்கும்.

பின்னால் சின்னக் கார் ஒன்றை இழுத்துக்கொண்டு போவது நான்காவது வழி. மாதக்கணக்கில் சுற்றுகிறவர்களுக்கு நல்லது, மற்றவர்களுக்குப் பாரம். எல்லாக் காரையும் நான்கு சக்கரமும் தரையில் உருள இழுத்துப்போக முடியாது, கியர்பாக்ஸ் பாழாகும். அப்படி இழுக்கும்போது வண்டியைப் பின்னால் எடுக்கவும் முடியாது. சைக்கிள் இதைவிட எளிது. மின்சார சைக்கிள் என்றால் ஒன்றே 20 கிலோவுக்கு மேல் வரும். வண்டிக்குப் பின்னால் சைக்கிள் மாட்டும் தாங்கியின் எடை வரம்பைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

வரிசையிலும் ஒரு விஷயம் இருக்கிறது. நான் நகரத்தை முதலிலும் நண்பரைப் பிறகும் வைத்துக்கொள்வேன். கேம்ப் தளத்தை விட்டுக் கிளம்பும் காலையில் கழிவுநீர்த் தொட்டிகளைக் காலி செய்து கழுவி, நல்ல தண்ணீரை நிரப்பி, பேட்டரியை முழுக்க சார்ஜ் ஏற்றிக்கொள்ளலாம். அப்படிப் போய் நின்றால் நண்பர் வீட்டில் குழாயும் கேட்க வேண்டாம், பிளக்கும் கேட்க வேண்டாம்.