41/7-ஐக் கழற்றி 41/6 போட்ட லாரி: ஜாயிண்ட் உதறல், நாள்பட ஓட்டிய பிறகு

மேட்டில் இழுவை வேண்டுமென்று ஆறு சக்கர லாரியில் 41/7 கிரவுன் பினியனை (பின் ஆக்சிலில் உள்ள பல்சக்கர ஜோடி; கிரவுனில் 41 பல், பினியனில் 7) கழற்றிவிட்டு 41/6 போட்டால், ரேஷியோ 5.86 இலிருந்து 6.83 ஆகும். இழுவை சொன்னபடி கிடைக்கிறது. கூடவே 50-ஐத் தாண்டினால் கேபின் தரையில் ஒரு கிர்ர் வருவதும் சகஜம். உடனே ஜாயிண்டை (கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்சிலுக்குச் சுழற்சியைக் கடத்தும் நீளத் தண்டு) இறக்கி பேலன்சிங்குக்கு அனுப்பிவிடுகிறார்கள். பல வண்டிகளில் அந்தக் கூலி தண்டம்.

கணக்கு இதுதான். 10.00-20 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 3.2 மீட்டர் உருளும். 60 கி.மீ. வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 312 சுற்று. ஜாயிண்ட் முன்பு 1830 சுற்று சுற்றியது, இப்போது 2135. சுழல் வேகம் ஆறில் ஒரு பங்கு கூடினாலே பேலன்ஸ் பிசகின் உதை 36 சதவீதம் ஏறிவிடும். பழைய ரேஷியோவில் அடங்கிக் கிடந்த சின்னக் குறை இப்போது சீட்டுக்கு வருகிறது. புதுப் பல் கெட்டது என்று அதற்கு அர்த்தமில்லை.

இங்கே ஒரு ஏமாற்று உண்டு. மீட்டர் கேபிளோ சென்சாரோ கியர்பாக்ஸில் இருந்தால், முள் 60 காட்டும்போது உண்மை வேகம் 51தான். போனில் ஜிபிஎஸ் வைத்து வேகத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டீசல் கணக்கும் இதே பொய்யில் மாட்டும்: மீட்டர் கிலோமீட்டரை 6-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால்தான் நிஜத் தூரம், அதை வைத்துத்தான் மைலேஜ் போட வேண்டும். "ரேஷியோ மாற்றியும் மைலேஜ் குறையவில்லை" என்பவர்களில் சிலர் இதைப் பார்க்காதவர்கள்.

உதறல் எங்கிருந்து என்று பிரிக்க, காலி வண்டியில், சமதள ரோட்டில், உதறும் வேகத்தில் நியூட்ரல் போட்டு உருளவிடுங்கள். அப்படியே தொடர்ந்தால் இன்ஜினை மறந்துவிடலாம். ஸ்டியரிங்கும் உடம்பும் மெதுவாக ஆடினால் டயர். நொடிக்கு 5 ஆட்டம்தான் அது. உள்ளங்காலில் கிர்ரென்று ஏறுவது ஜாயிண்ட், நொடிக்கு 35. காதை அடைக்கிற ஊம் சத்தம் அதற்கும் இரட்டிப்பு, 70 பக்கம். அது கிராஸ் (ஜாயிண்டின் முனைகளில் மடங்க விடும் சிலுவைத் துண்டு) கோணத்தின் வேலை. ஆக்சிலரேட்டரை மிதித்தால் வந்து, விட்டால் போனால், கோணமும் பினியன் பேரிங் ஆட்டமும் சந்தேகத்துக்கு உரியவை.

லாரியில் இருக்கும் வசதி, ஹவுசிங்கை அசைக்காமல் ஆக்சில் ஷாஃப்ட்டை வெளியே உருவலாம் என்பது. சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இரண்டு ஷாஃப்ட்டையும் உருவி, ஹப் வாயைத் துணியும் பாலித்தீனும் வைத்துக் கட்டி, கியர் போட்டு அதே சுற்றுக்குக் கொண்டுபோங்கள். வண்டி நகராது, ஜாயிண்டும் பினியனும் மட்டும் சுற்றும். அடியில் ஒருவரும் இருக்கக் கூடாது. உதறல் காணாமல் போனால் டயர், டிரம், ரிம் பக்கம் போங்கள். அரை மணி நேர வேலை, பேலன்சிங் கூலிக்கு ஒரு பைசா செலவில்லை.

உதறல் இருந்தால் முதல் சந்தேகம் பினியன் பிளேஞ்ச் (பினியன் முனையில் ஜாயிண்ட் பூட்டும் வட்டத் தட்டு). ரேஷியோ மாற்றும் வேலையில் அதைத்தான் சுத்தியால் தட்டிக் கழற்றியிருப்பார்கள். டயல் கேஜை (ஆட்டத்தை அளக்கும் முள் கருவி) ஹவுசிங்கில் நிறுத்தி முகத்திலும் விளிம்பிலும் பாருங்கள், 0.10 மி.மீ.க்குள் இருந்தால் விட்டுவிடலாம். அதற்கு மேல் ஆடினால், பிளேஞ்சின் அமரும் முகத்தில் அடிபட்ட பிசிறோ பெயின்ட்டோ இருக்கலாம். நகத்தால் தடவினாலே தெரியும். சுத்தம் செய்தும் தீராவிட்டால், ஜாயிண்டை 180 டிகிரி திருப்பிப் பூட்டி ஓட்டிப் பாருங்கள். உதறல் குறைந்தால், பிளேஞ்சும் ஜாயிண்டும் ஒரே பக்கம் கனத்துக்கொண்டிருந்தன என்று பொருள். அடுத்தது ஸ்லிப் பகுதியில் (ஜாயிண்ட் நீண்டு சுருங்கும் இடம்) உள்ள அம்புக்குறி. இரண்டு அம்பும் நேராக இல்லையென்றால் எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் தீராது.

கோணத்தை எல்லோரும் குறை சொல்வார்கள். ஆனால் ஹவுசிங்கை விட்டுவிட்டு டிஃபரன்ஷியலை மட்டும் இறக்கி ஏற்றியிருந்தால் அது மாறவே மாறாது. ஸ்பிரிங் பட்டையோ யூ போல்ட்டோ கழற்றப்பட்டிருந்தால் மட்டும் அளக்கவும்: கியர்பாக்ஸ் பிளேஞ்சும் பினியன் பிளேஞ்சும் ஒரு டிகிரிக்குள் இணையாக, கிராஸ் கோணம் 3 டிகிரிக்குள். லோடோடும் காலியாகவும் இரண்டு முறை. கிளம்பும்போது மட்டும் 10, 15 வேகத்தில் குலுங்கினால் பேலன்ஸ் அல்ல. சென்டர் பேரிங் (ஜாயிண்டை நடுவில் தாங்கும் பேரிங்) ரப்பரைக் கடப்பாரையால் நெம்பிப் பாருங்கள்.

"ஓட ஓட செட் ஆகிவிடும்" என்பது பல் சத்தத்துக்கு ஓரளவு பொருந்தலாம், உதறலுக்குப் பொருந்தாது. விட்டுவைத்த வண்டிகளில் முதலில் பினியன் ஆயில் சீல் கசியும், பிறகு சென்டர் பேரிங் ரப்பர் கிழியும். ரேஷியோ ஏற்றிய வண்டியில் கிராஸும் ஸ்லிப்பும் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றுகின்றன. 7,000-க்கு ஒருமுறை வைத்த கிரீஸை 6,000-க்கு வையுங்கள். அது நிஜக் கிலோமீட்டர். கியர்பாக்ஸிலிருந்து ஓடும் மீட்டரில் 7,000 என்றே காட்டும்.