காற்றாலைச் சத்தத்தை அளக்க ‘வகுப்பு 2’ ஒலிமானி போதுமா?

காற்றாலைச் சத்தம் பற்றிப் புகார் கிளம்பினால் முதலில் வாங்கப்படுவது கையடக்க ஒலிமானிதான். ஒலிமானிகளுக்கான சர்வதேசத் தரமான ஐஇசி 61672-ன்படி ‘வகுப்பு 2’ (வகுப்பு 1-ஐவிடத் துல்லியம் குறைந்தது) என்று போட்டிருக்கும் கருவிகளைப் பற்றியே இங்கு பேச்சு. வகுப்புக் குறியே இல்லாதவை விளையாட்டுச் சாமான்.

வாகனம், ஜெனரேட்டர் சத்தத்துக்கு வகுப்பு 2 கருவிகள் தாராளம். காற்றாலை என்றால் மூன்று இடங்களில் தடுமாறும். பெரும்பாலானவை 30 டெசிபெல்லுக்குக் கீழே அளக்காது. ஊர் அடங்கிய இரவு அதற்கும் கீழே போய்விடும். அப்போது திரையில் தெரிவது கருவியின் சொந்த இரைச்சல்.

அடுத்தது மைக்கில் மோதும் காற்று. நுரைப்பந்து மாட்டினாலும், மைக் உயரத்தில் காற்று நொடிக்கு 5 மீட்டரைத் தாண்டினால் அந்தப் பதிவைத் தள்ளிவிடுங்கள். காற்றடித்தால்தானே ஆலை சுற்றும் என்று கேட்கலாம். தெளிந்த இரவுகளில் தரையில் இலை அசையாது, மேலே இறக்கை முழுவேகத்தில் ஓடும். புகார் அதிகம் வருவதும் அந்நேரத்தில்தான்; அளக்க வேண்டியதும் அப்போதுதான்.

மூன்றாவது, ‘வுஷ் வுஷ்’ என்ற ஏற்ற இறக்கம். நிமிடத்துக்கு 15 சுற்று ஓடும் மூன்று இறக்கை ஆலையில் அது நான்கு நொடிக்கு மூன்று முறை வரும். கருவி மெதுவாக ஈடுகொடுக்கும் ‘ஸ்லோ’ முறை இதை மழுப்பிவிடும். விரைவாக ஈடுகொடுக்கும் ‘ஃபாஸ்ட்’ முறையில் 0.1 நொடிக்கு ஒரு பதிவு வேண்டும். விலை குறைந்த கருவிகள் நொடிக்கு ஒன்றே பதியும், சில பதியவே பதியாது. மனிதக் காதைப் போல அளக்கும் ‘ஏ’ வடிகட்டி 100 ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலியை 19 டெசிபெல் குறைத்துக் காட்டும் என்பதால், தாழ்ந்த ஒலியை அவ்வளவாகக் குறைக்காத ‘சி’ வடிகட்டி அளவும் எடுத்து வையுங்கள்.

கோபுரத்தடியில் அளந்து பயனில்லை. வீட்டுக்கு வெளியே, சுவரிலிருந்து 3.5 மீட்டர் தள்ளி, 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்தில் ஸ்டாண்டில் வையுங்கள். சுவருக்கு அருகில் வைத்தால் எதிரொலியே சுமார் 3 டெசிபெல் கூட்டிவிடும். தொடக்கத்திலும் முடிவிலும் 94 டெசிபெல் ஒலி எழுப்பும் கேலிப்ரேட்டரால் (சரிபார்ப்புக் கருவி) சரிபாருங்கள். வாங்கும் செலவில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தானாக அணையும் வசதியை நிறுத்த மறந்தால் இரவுப் பதிவு பாதியில் போய்விடும்.

டெசிபெல்லைச் சாதாரண எண்போலக் கழிக்க முடியாது: ஆலை ஓடும்போது 43, நிறுத்தியபின் 40 என்றால் ஆலையின் பங்கு சுமார் 40 டெசிபெல். வித்தியாசம் 3-க்குக் குறைந்தால் கணக்கு நிற்காது.

ஆக, பதிவு வசதி, 10 நிமிடச் சராசரி, எல்90 (90 சதவீத நேரம் தாண்டியிருக்கும் ஒலி அளவு) மூன்றும் இருந்தால் வாங்கலாம். இல்லையேல் வகுப்பு 1 கருவியை வாடகைக்கு எடுப்பது மேல். எதுவானாலும் கடிகாரத்தைச் சரியாக வைத்துவிட்டு, அதே இரவின் 10 நிமிட ஸ்காடா (ஆலையின் கணினிக் கண்காணிப்பு) பதிவை, அதாவது காற்றுவேகம், சுற்றுவேகம், உற்பத்தி மூன்றையும், ஆலை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள்.