ரப்பர் ஸ்பீட் பிரேக்கர்: ஆறு மாசம் ஆச்சு, 5க்கு 3 தான் குடுப்பேன்

எங்க தெரு ஸ்கேல் வச்சு கோடு போட்ட மாதிரி நேரா இருக்கும், மெயின் ரோட்டுல சிக்னல் விழுந்தா அதுக்கு டிமிக்கி குடுக்கிறவன் எல்லாம் இது வழியாத்தான் பறப்பான், பசங்க சைக்கிள் ஓட்டுற நேரம்னு கூட பாக்க மாட்டான். கத்திப் பார்த்தோம், "மெதுவாகச் செல்லவும்"னு போர்டு வச்சோம், அதைப் படிக்கிற வேகத்துல ஒருத்தனும் வரல. கடைசியில ரோடு யார் பொறுப்போ அந்த ஆபீஸ்ல எழுதிக் குடுத்து அனுமதி வாங்கி (இது இல்லாம போட்டுடாதீங்க, யாராவது விழுந்தா மாட்டுறது நீங்கதான்) வீட்டுக்கு வீடு காசு போட்டு இந்த செட்டை வாங்கினோம்.

கறுப்பு மஞ்சள் பீஸ், ஒண்ணு 50 செமீ நீளம், 35 செமீ அகலம், 5 செமீ உயரம். பழைய டயரை அரைச்சு செஞ்சது, நல்ல வெயிட்டு. ராத்திரி ஹெட்லைட் பட்டா மஞ்சள் பட்டை பளிச்சுனு தெரியுது, அதுல குறையே இல்ல.

மாட்டுறதுதான் தலைவலி. கூட வந்த ஆங்கர் போல்ட் (தரையில துளை போட்டு இறுக்குறது) கான்கிரீட்டுக்குத்தான் சரியா வரும், எங்களுது தார் ரோடு. துளை போட்டுட்டு உள்ள இருக்கிற தூசியை ஊதி எடுக்காம அப்படியே முறுக்கிட்டோம், மூணாவது வாரமே ரெண்டு போல்ட் தலையைத் தூக்கிடுச்சு, ஒவ்வொரு டயர் ஏறும்போதும் டப் டப்புனு சத்தம். அப்புறம் நீளமான போல்ட் வாங்கி, துளையை சுத்தம் பண்ணி, கெமிக்கல் பசை ஊத்தி இறக்கினதும்தான் அசையாம நிக்குது. தார் ரோடுன்னா முதல்லயே இதைச் செஞ்சிடுங்க.

சரி, வேகம் குறைஞ்சுதா? சும்மா சொல்லக்கூடாதுன்னு ரோட்டுல 20 மீட்டருக்கு சாக்பீஸ்ல ரெண்டு கோடு போட்டு, மாடியில இருந்து போன்ல வீடியோ எடுத்து நேரம் பார்த்தேன். போடுறதுக்கு முன்னாடி நெறைய கார் 1.5 செகண்ட்ல தாண்டுச்சு, அதாவது மணிக்கு 48 கிமீ. போட்டப்புறம் பிரேக்கர்கிட்ட 3 செகண்ட் ஆகுது, 24 கிமீ. அட சூப்பர்னு நினைச்சு அதே மாதிரி 20 மீட்டருக்கு ரெண்டு கோடு தெருவோட நடுவுல போட்டுப் பார்த்தா அங்க மறுபடி 45! பிரேக்கரைத் தாண்டின உடனே விட்ட நேரத்தைப் பிடிக்கிற மாதிரி மிதிக்கிறாங்க. ஒண்ணே ஒண்ணு போட்டா அந்த ஒரு வீட்டு வாசலுக்குத்தான் பாதுகாப்பு, 100 மீட்டருக்குள்ள அடுத்தது இருக்கணும்.

மணிக்கு 50 கிமீக்கும் 30 கிமீக்கும் என்ன பெருசா வித்தியாசம்னு பக்கத்து வீட்டு அண்ணன் கேட்டாரு. டிரைவர் சுதாரிக்க 1 செகண்ட் ஆகும்னு வச்சா, 50ல வர்ற வண்டி பிரேக்ல கால் வைக்கிறதுக்குள்ளயே 14 மீட்டர் ஓடியிருக்கும்ணே, 30ல வர்றவன் காஞ்ச ரோட்டுல கிட்டத்தட்ட அந்த 14 மீட்டருக்குள்ள நின்னே போயிருப்பான்னு சொன்னேன், அதுக்கப்புறம் வாயே திறக்கல.

எனக்கு ரொம்ப கடுப்பானது வேற. இந்த மாதிரி ஒல்லியான மேட்டுல மெதுவா போறவனுக்குத்தான் இடுப்பு கழண்டுடுது, வேகமா வர்ற பெரிய காரோட சஸ்பென்ஷன் அதை முழுங்கிட்டு ஓடிடுது. அகலமா ஏறி இறங்குற மேடு இருக்குல்ல, 3.7 மீட்டர் அகலம் 10 செமீ உயரம், இங்கிலாந்துல 1970கள்லயே டெஸ்ட் பண்ணி கொண்டு வந்த அளவு, அதுல வேகம் கூடக் கூடத்தான் குலுங்கும், நிதானமா வர்றவனுக்கு ஒண்ணும் தெரியாது. தெருவுக்கு சரியானது அதுதான், ஆனா அதை ரோடு போடுறவங்கதான் தாரால போடணும், பெட்டியில வாங்கி மாட்ட முடியாது.

பைக்காரங்க தனி ரகம். தண்ணி ஓட ரெண்டு ஓரத்துலயும் 25 செமீ விட்டோம், அது தங்களுக்குன்னு விட்ட பாதைன்னு நினைச்சு சர்ருனு அதுல புகுந்து போறாங்க, ஓரமா நடக்கிறவங்க உயிரைக் கையில பிடிச்சுக்கணும். வளைஞ்சு நிமிர்ற பிளாஸ்டிக் கம்பம் ஒண்ணு ஒண்ணு நட்டப்புறம்தான் அடங்கினாங்க.

பார்க்கிங் வாசலுக்கும் காம்பவுண்ட் உள்ள இருக்கிற வழிக்கும் தாராளமா வாங்கலாம், அங்க 5க்கு 5. நீளமான தெருவுக்குன்னா ஒரு செட்டை மட்டும் நம்பாதீங்க. ஆம்புலன்ஸ் போற வழின்னா அதோட இடது, வலது சக்கரத்துக்கு நடுவுல அடங்குற மாதிரி திட்டுத்திட்டா வர்ற மாடல் இருக்கு, அதைக் கேளுங்க. மாட்டுறதுக்கு முன்னாடி யாரோட ஜன்னலுக்கு நேரா வருதுன்னும் பாத்துக்கோங்க, எங்க எதிர்வீட்டு அக்காதான் எல்லாருக்கும் முன்னாடி பிரேக்கர் வேணும்னு கையெழுத்துப் போட்டவங்க, இப்ப ராத்திரி சத்தத்துல தூக்கம் இல்ல, நாலு வீடு தள்ளி மாத்துங்கன்னு தினமும் சொல்றாங்க.