பேர வாவி அன்ன வள்ளம்: கரைக்கு அழகு, தண்ணீருக்கு அழுக்கு

கொழும்புப் பேர வாவியில், கங்காராம விகாரைப் பக்கம், காலால் மிதிக்கும் அன்ன வள்ளம் வாடகைக்குக் கிடைக்கும். ஏறுமுன் காற்றைப் பாருங்கள். அன்னத்தின் கழுத்து பாய் மாதிரிக் காற்றைப் பிடிக்கும். காற்றோடு போனால் சுகம், திரும்பி வரத்தான் தொடை விட்டுப்போகும். அதனால் முதலில் எதிர்க்காற்றில் மிதியுங்கள். பாரமானவர்கள் ஒரே பக்கம் இருந்தால் வள்ளம் சரியும். லைஃப் ஜாக்கெட்டின் கொக்கி பூட்டுகிறதா என்று இழுத்துப் பார்த்து வாங்குங்கள்.

காலையில் போவதே நல்லது. வெயில் ஏற, காற்றும் அடங்கினால், பச்சைப் பாசி மேலே படலமாகத் திரளும். கச்சான் வீசும் மாதங்களில் அது கிழக்குக் கரையில் ஒதுங்கி அழுகும், நாற்றமும் அங்கேதான். பெருமழை பெய்தால் இரண்டு நாள் பொறுங்கள், வாய்க்கால்கள் கழிவையும் அள்ளிக்கொண்டு வரும். கையை நீரில் விடவே வேண்டாம். இங்குள்ள மைக்ரோசிஸ்டிஸ் நஞ்சு சுரக்கக்கூடிய பாசி.

கரை கண்ணுக்குக் குளிர்ச்சி: வெட்டிய புல், நேர்கோட்டுக் கல், விளக்கு. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் போனது. அந்தக் காலத்து 'அழகான கொழும்பு' இப்படித்தான் இருந்தது. சுத்தம் என்றால் ஒழுங்கு, ஒழுங்கு என்றால் ஏழைகள் கண்ணில் படாமை. அதே ஆண்டு மே மாதம் கொம்பனித்தெரு மியூஸ் வீதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. ஒல்லாந்தர் அடிமைகளை அடைத்துவைத்ததும் இந்தப் பகுதியில்தான். 'ஸ்லேவ் ஐலண்ட்' (அடிமைத் தீவு) என்ற ஆங்கிலப் பெயர் அதை மறைக்கவில்லை.

தண்ணீருக்குள் இந்தப் படை ஒழுங்கு செல்லுபடியாகாது. மலசலக் கழிவோடு வரும் நைதரசனும் பொசுபரசும்தான் பாசிக்குச் சாப்பாடு. கழிவை இன்றைக்கே அடைத்தாலும், அடிச்சேற்றில் படிந்த பொசுபரசு ஒட்சிசன் குறையும்போது கரைந்து மேலே வரும், ஆண்டுக்கணக்கில். குழாய் போடுவதும் சேறு அள்ளுவதும் திறப்பு விழாப் படத்துக்கு உதவாத வேலைகள். 2014இல் திறந்த புறக்கோட்டை மிதக்கும் சந்தையும் இதே கதை: கடை அழகு, கீழே நாற்றம்.

2022 மே 9, காலிமுகத்திடலில் போராடியவர்களை அடிக்க வந்த அரசு ஆதரவாளர்களைச் சனம் தள்ளிவிட்டதும் பேர வாவிக்குள்தான். தண்டனைக்கு அந்தத் தண்ணீரே போதும் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.