கார்னெல் 77: பேரு பெருசு, வேலி தாண்டுச்சா?

"ஏனுங்க, கார்னெல்லுக்கு மேல ஒரு ராத்திரி இருக்குதுங்களா?" என்று ஒருத்தர் ஆரம்பித்தால் போதும். "வெனிட்டாவைக் கேட்டுப்போட்டு அப்புறம் பேசுங்க" என்று இன்னொருத்தர் பதிலைத் தயாராக வைத்திருப்பார். கோயமுத்தூர், திருப்பூர், ஈரோட்டுப் பக்கம் கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்க ராக் குழுவைக் கேட்கிறவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஆனால் இரண்டு பேர் சேர்ந்தால் மூன்று கட்சி. 1977 கார்னெல் கட்சி, 1972 வெனிட்டா கட்சி, "ரெண்டும் இல்லைங்க, 1969 தான்" என்கிற பழைய கட்சி. மூன்றுக்கும் முறையான வெளியீடு இருக்கிறது. இங்கே மதிப்பிடுவது கார்னெல் தொகுப்பை. மற்ற இரண்டும் உரைகல்லாகக் கூட வரும்.

முதலில் பொருள். 1977 மே 8, நியூயார்க் மாநிலம் இதாகாவில் கார்னெல் பல்கலைக்கழகத்து பார்ட்டன் ஹாலில் நடந்த கச்சேரி முழுசாக, 3 சிடியாகவும் 5 எல்பியாகவும் 2017 மே மாதம் வந்தது. அட்டையில் 5/8/77 என்று இருக்கும். அமெரிக்கக் கணக்கில் மாதம் முன்னால் வரும். ஆகஸ்ட் 5 என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. மொத்தம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். எல்பி வேண்டாம் என்பதே நம் யோசனை. பத்துப் பக்கம், ஒன்பது முறை எழுந்து திருப்ப வேண்டும். ஒரு பாட்டு இன்னொரு பாட்டுக்குள் கரைவதைக் கேட்பதற்காகவே வாங்கும் பொருளுக்கு அது சரிப்படாது.

இந்த ராத்திரிக்கு இவ்வளவு பெரிய பேரு கிடைத்ததற்குப் பாதிக் காரணம் வாசிப்பு, மீதிப் பாதி டேப். அரங்கத்து மிக்ஸரிலிருந்து நேரே லைன் எடுத்துப் பதிந்தால் என்ன ஆகும் என்பது நம்ம ஊர் நோம்பிக் கச்சேரியைப் பதிந்தவர்களுக்குத் தெரியும். குரல் முன்னால் வந்து நிற்கும், தாளம் எங்கேயோ கிணற்றுக்குள் கேட்கும். மேடையிலேயே சத்தமாக இருக்கும் வாத்தியத்தை மிக்ஸரில் ஏற்ற மாட்டார்கள் அல்லவா, அதனால்தான். குழுவின் ஒலிப்பதிவாளர் பெட்டி கேன்டர் ஜாக்சன் அப்படிச் செய்யவில்லை. கூட்டத்துக்குப் போகும் கலவை தனி, டேப்புக்குப் போகும் கலவை தனி என்று பிரித்து, இரண்டு டிராக்கில் அங்கேயே கலந்து முடித்தார். பின்னால் யாரும் திருத்த முடியாத கலவை. திருத்த வேண்டியிருக்கவும் இல்லை. 1986-இல் வாடகை பாக்கி விழுந்த கிடங்கிலிருந்து அவருடைய டேப்புகள் ஏலத்துக்குப் போயின. அங்கிருந்து நகலுக்கு நகல், கேசட்டுக்குக் கேசட் பரவியவற்றில் கார்னெல் மிகத் தெளிவான ஒன்று. பல ராத்திரிகள் மங்கலான டேப்பில் புதைந்து கிடந்தபோது இது மட்டும் பளிச்சென்று கேட்டது. அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் 2011-ஆம் ஆண்டுக்கான பதிவுகளில் ஒன்றாகவும் சேர்ந்தது. ஆக, "எல்லாரும் சொல்றாங்க" என்பதில் டேப்பின் பங்கைக் கழித்துவிட்டுத்தான் வாசிப்புக்கு மார்க் போட வேண்டும்.

கழித்துப் பார்ப்போம். மனோதர்மத்தில், அதாவது மேடையிலேயே கற்பனை செய்து வாசிப்பதில், இரண்டு வகை உண்டு. காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே மாடு எங்கே வேண்டுமானாலும் மேயலாம். பாட்டின் சுரம், தாளம், கார்டு (சேர்த்து மீட்டும் சுரக்கூட்டு) வரிசை எதையும் விடாமல் அதற்குள்ளேயே சுற்றிச் சுற்றி வாசிப்பது இந்த வகை. இன்னொன்று, படலைத் திறந்துகொண்டு வெளியே போய்விடுவது: தாளம் உருகிப்போகும், சுருதி மையம் நகரும், எந்தப் பாட்டில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். ஃபிஷ் என்ற இன்னொரு அமெரிக்கக் குழுவின் ரசிகர்கள் இவற்றை முதல் வகை, இரண்டாம் வகை என்றே எண் போட்டுப் பேசுவார்கள். கார்னெல் ஏறக்குறைய முழுக்க முழுக்க வேலிக்கு உள்ளே. அதில் குறை ஒன்றும் இல்லை; ஆனால் "உலகத்திலேயே பெரிய மனோதர்மம்" என்று கூவி விற்பதுதான் இடிக்கிறது.

உள்ளே மேய்ந்தது எப்படி என்றால், பிரமாதம். தொகுப்பின் உயிர் 'ஸ்கார்லெட் பிகோனியாஸ்' பாட்டிலிருந்து 'ஃபயர் ஆன் தி மவுண்டன்' பாட்டுக்குள் போகும் இடம். இரண்டும் சேர்ந்து சுமார் 26 நிமிடம். இந்த ஜோடியை அவர்கள் முதன்முதலில் சேர்த்தது 1977 மார்ச் 18-இல். கார்னெல் வரும்போது ஒட்டுப் போட்டு இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஒட்டு ஏன் இவ்வளவு சுத்தமாக விழுகிறது? ஸ்கார்லெட்டின் வால்பகுதி, ஃபயர் இரண்டுமே பி, ஏ என்ற இரண்டு கார்டுகளில் ஆடுகின்றன. நம் கணக்கில் பி-யை ஷட்ஜமாக வைத்த ஹரிகாம்போதியின் சுரங்கள். கமகம் கிடையாது, ராகமும் இல்லை, சுரக்கட்டு மட்டும் அது. வாசல் ஒன்றாக இருப்பதால் கதவைத் தட்டாமலே அடுத்த வீட்டுக்குள் போய்விட முடிகிறது. கேட்கும்போது கிட்டாரை விட்டுவிடுங்கள். ஃபில் லெஷின் பேஸ் கிட்டாரையும் இரண்டு டிரம்மர்களையும் பிடித்துக்கொள்ளுங்கள். துள்ளிக்கொண்டிருந்த தாளம் எந்த நொடியில் மடங்கி, அந்த ஆடி அசையும் நடைக்கு வந்தது என்று மூன்று முறை கேட்டாலும் கோடு போட முடியாது. ஃபயருக்குள் போனதும் ஜெர்ரி கார்சியாவின் கிட்டார் 'வாவ் வாவ்' என்று வாய் திறந்து பேசுகிற மாதிரி இருக்கும். அது மியூட்ரான் 3 என்ற கருவி. மீட்டின அழுத்தத்துக்கு ஏற்ப ஒலியின் வாயைத் திறந்து மூடும். மெல்லத் தொட்டால் முனகும், அழுத்தித் தட்டினால் கத்தும். அந்த வருசம் அவர் கையில் இருந்த டிராவிஸ் பீன் கிட்டாரின் கழுத்து அலுமினியம். வார்ப்படப் பட்டறைகள் நிறைந்த கோயமுத்தூரில் இதைச் சொன்னால் ஒருத்தராவது "என்ன கிரேடுங்க?" என்று கேட்பார்.

அடுத்து வரும் 'எஸ்டிமேட்டட் பிராஃபெட்' 7 எண்ணிக்கை. தகிட தகதிமி போட்டுப் பாருங்கள், கை தானாக உட்காரும். முதல் பாதியின் கடைசியில் வரும் 'டான்சிங் இன் தி ஸ்ட்ரீட்' 16 நிமிடம். மோட்டவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனத்தின் பழைய பாட்டை டிஸ்கோ நடைக்கு மாற்றியிருக்கிறார்கள். பழைய கட்சிக்காரர்கள் முகம் சுளிப்பது இந்த இடத்தில்தான். பாடும் பகுதியைப் பொறுத்தவரை அவர்கள் சுளிப்பது நியாயம். நடுவில் வரும் வாசிப்பைப் பொறுத்தவரை இல்லை. 'நாட் ஃபேட் அவே'யும் கிட்டத்தட்ட அதே நீளம். ஜமாப் மேளம் கேட்டு வளர்ந்த காதுக்கு அந்த அடி உடனே பிடித்துவிடும். ஆனால் நடுவில் சில நிமிடம் யார் முன்னால் போவது என்று எல்லாரும் காத்து நிற்பது தெரிகிறது. ஜமாப்பில் முன்னால் நிற்பவர் ஒரு பார்வை பார்த்தால் அடி மாறிவிடும். இங்கே அப்படிப் பார்க்க ஆள் கிடையாது. ஐந்தாறு பேரும் ஒரே நேரத்தில் பேசி, ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் பிடித்துக்கொண்டால்தான் நகரும். தனி ஆவர்த்தனம் மாதிரி முறை வைத்து வாசிப்பது இல்லை. அதனால் பிடி விழாத நேரம் வெறுமனே ஓடும். இந்தக் குழுவைக் கேட்க வருகிறவர்கள் இதற்கும் சேர்த்துத்தான் நேரம் ஒதுக்க வேண்டும்.

இனி உரைகல். 1972 ஆகஸ்ட் 27, ஆரிகன் மாநிலம் வெனிட்டா. ஸ்பிரிங்ஃபீல்டு க்ரீமரி என்ற பால், தயிர் நிறுவனம் கடனில் தத்தளித்ததால் அதற்கு உதவ நடத்திய பகல் கச்சேரி. 'சன்ஷைன் டேட்ரீம்' என்ற பெயரில் 3 சிடியும் படமுமாக 2013-இல் வந்தது. பால் சொசைட்டிக்காக நடந்த கச்சேரி என்றால் நம்ம பக்கத்தில் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. அன்றைக்கு வெயில் 100 டிகிரியைத் தொட்டது. வெயிலில் கம்பி தளர்ந்து கிட்டார் சுருதி கலைந்துகொண்டே இருக்கும். அந்தத் தொல்லையோடுதான் வாசித்தார்கள்.

அங்கே வாசித்த 'டார்க் ஸ்டார்' 31 நிமிடம். இந்தப் பாட்டு 1968-இல் தட்டாக வந்தபோது மூன்று நிமிடம்கூட இல்லை. வெனிட்டாவில் முதல் சில நிமிடம் வேலிக்குள் நிதானமாக உலவுகிறது. அப்புறம் பேஸ் தாளத்தைச் சொல்வதை விட்டுவிட்டு கிட்டாருக்கு எதிர்ப்பேச்சு பேசத் தொடங்கும்போது படல் திறக்கிறது. அதன்பிறகு சுருதி மையம் எங்கே என்று தேடினால் கிடைக்காது. கீத் காட்சோவின் பியானோ ஒற்றை ஒற்றைச் சுரமாகப் பொட்டு வைத்துக்கொண்டு போகும். பில் க்ரூட்ஸ்மன் ஒருத்தரே டிரம்ஸ். இன்னொரு டிரம்மரான மிக்கி ஹார்ட் அந்தக் காலத்தில் குழுவில் இல்லை. வெனிட்டா கட்சியின் வலுவான வாதம் இதுதான்: ஒரே டிரம்மர் இருந்தால் நினைத்த நொடியில் திரும்பலாம், இரண்டு பேர் என்றால் லாரி திருப்புகிற மாதிரி இடம் வேண்டும். கார்னெலில் இரண்டு பேர். அங்கே கிடைக்கும் அந்த உருளும் கனம் இரண்டு பேரால்தான், வேலி தாண்டாததற்கும் அதுவே ஒரு காரணம். 31 நிமிடம் காடு மேடெல்லாம் சுற்றிவிட்டு, டார்க் ஸ்டார் பட்டென்று 'எல் பாசோ' என்ற மூன்றடித் தாளத்துக் கௌபாய்ப் பாட்டுக்குள் விழுகிறது. சிலருக்கு அது எரிச்சல். நமக்கு அதுதான் அன்றைய நாளின் சிறந்த நகைச்சுவை.

1969 கட்சியின் கையில் இருப்பது 'லைவ்/டெட்' தொகுப்பு. இதில் டார்க் ஸ்டார் 23 நிமிடம், எல்பியின் ஒரு பக்கம் முழுக்க. 1969 பிப்ரவரி 27, சான்ஃபிரான்சிஸ்கோ ஃபில்மோர் வெஸ்ட், 16 டிராக் பதிவு. எல்லா வாத்தியமும் தனித்தனியாகக் கேட்கும். புதிதாக வருகிறவர்களுக்கு இதைவிடத் தெளிவான வழிகாட்டி கிடையாது. ஆனால் ஒரு விசயம்: 'செயின்ட் ஸ்டீபன்' முடிந்து 'தி லெவன்' தொடங்கும் இடத்தை "என்னமா தாவுறாங்க பாருங்க" என்று சிலாகிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். ஸ்டீபன் பிப்ரவரி 27, லெவன் ஜனவரி 26. வேறு அரங்கம், வேறு நாள், வெட்டி ஒட்டியது. தாவலுக்கு மார்க் கத்தரிக்கோலுக்குத்தான் போகணும். லெவன் என்ற பெயர் 11 எண்ணிக்கையால் வந்தது, 3+3+3+2 என்று போட்டால் பிடிபடும். ஹார்ட் தபலா மேதை அல்லா ரக்காவிடம் பாடம் கேட்டவர் என்பது இங்கே காதில் விழுகிறது.

நீளத்தை வைத்துச் சண்டை போடுகிறவர்களை இரண்டு வரியில் முடித்துவிடலாம். டெட் குழுவே 1974 மே 21 சியாட்டிலில் 'பிளேயிங் இன் தி பேண்ட்' பாட்டை 46 நிமிடம் இழுத்திருக்கிறது. ஃபிஷ் 1997 நவம்பர் 29-இல் ஒரே பாட்டை ஏறக்குறைய ஒரு மணி நேரம் வாசித்தது. இரண்டிலும் நல்ல இடங்கள் உண்டு. சாயங்காலத்து அவிநாசி ரோடு மாதிரி நகராத இடங்களும் உண்டு.

வாங்கும் முன் சும்மா கேட்டுப் பார்க்க இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது. தேடும்போது 1977-05-08 என்று வருசத்தை முன்னால் போடுங்கள். ஒரே ராத்திரிக்குப் பல நகல் வரும். சவுண்ட்போர்டு என்றால் மிக்ஸர் லைன், ஆடியன்ஸ் என்றால் கூட்டத்தில் மைக் தூக்கிப் பிடித்தது, மேட்ரிக்ஸ் என்றால் இரண்டையும் கலந்தது. சவுண்ட்போர்டுகளை அங்கேயே கேட்கத்தான் முடியும். இறக்கிக்கொள்ளக் கிடைப்பது பெரும்பாலும் ஆடியன்ஸ் பதிவு. பழைய கேசட் நகல்களில் டெக் ஓடிய வேகம் பிசகி, சுருதி கால் சுரம் ஏறியோ இறங்கியோ இருக்கும். கூடவே வாசித்துப் பார்க்க நினைக்கிறவர்கள் முதலில் ட்யூனரை வைத்துச் சரிபாருங்கள், இல்லையென்றால் தன் கிட்டாரைத்தான் திட்டிக்கொண்டிருப்பார்கள். 2017 வெளியீட்டுக்குக் காசு கொடுப்பதில் உள்ள நியாயம் இங்கேதான்: டேப் வேகத்தின் நுண்ணிய தள்ளாட்டத்தைக்கூட நிமிர்த்தியிருக்கிறார்கள், பியானோ நீண்டு ஒலிக்கும் இடங்களில் வித்தியாசம் தெரியும்.

கேட்கும் முறையில் நடக்கும் தப்புகள் மூன்று. போன் ஸ்பீக்கரில் கேட்பது முதல் தப்பு. பேஸ் கிட்டாரின் கீழ்க்கம்பி 41 ஹெர்ட்ஸ். போன் ஸ்பீக்கர் அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காது, உரையாடலில் ஒரு ஆள் பேசுவதே கேட்காது. இரண்டாவது, ஒற்றை புளூடூத் ஸ்பீக்கர்: இடது வலது சேர்ந்துவிடும், இரண்டு டிரம்மரும் ஒரே குப்பையாகிவிடுவார்கள். சாதாரண ஒயர் ஹெட்போன் இதற்கு எவ்வளவோ மேல். மூன்றாவது, செயலியின் அமைப்பில் கிராஸ்ஃபேடை (ஒரு பாட்டின் வாலையும் அடுத்ததின் தலையையும் கலக்கும் வசதி) அணைத்து, இடைவெளி இல்லாமல் ஓடும்படி வைக்காதது. ஸ்கார்லெட்டுக்கும் ஃபயருக்கும் நடுவே ஒரு நொடி மௌனம் விழுந்தாலும், இரண்டும் ஒன்றின்மேல் ஒன்று ஏறினாலும், வாங்கிய பொருளின் பாதி மதிப்பு போச்சு.

புதிதாகக் கேட்கிறவர் கார்னெலில் தொடங்கலாம், தப்பில்லை. மூன்றில் காதுக்குச் சுலபமானது அதுதான். மனோதர்மத்துக்காகத் தேடி வருகிறவர் காசை வெனிட்டாவில் போடட்டும். கார்னெலின் கடைசிக்கு முன்பாட்டு 'மார்னிங் ட்யூ' மட்டும் எந்தக் கட்சிக்காரரும் மறுக்காதது, சுமார் 14 நிமிடம். வேலி தாண்டும் சங்கதி எதுவும் அதில் இல்லை. நடுவில் ஒலி தரையோடு தரையாக இறங்கி, ஒரே கார்டை கார்சியா விசிறி வீசுகிற மாதிரி மீட்டி மீட்டிக் கடைசியில் கூரைக்கு ஏற்றுவார். அந்த இறக்கம் கேட்க வேண்டுமானால் தலைக்கு மேலே ஓடுகிற ஃபேனை நிறுத்திவிட வேண்டும். சித்திரை வெயிலில் கொஞ்சம் வேர்க்கும்.