ஸ்டூடியோ போர்ட்ரெய்ட்டுக்கு 85 பிரைமா, 24-70 ஜூமா?

லென்ஸ் வாங்க யோசனை கேட்டு வருகிறவரிடம் நான் முதலில் பட்ஜெட் கேட்பதில்லை. அறை எத்தனை அடி நீளம் என்றுதான் கேட்பேன்.

ஃபுல் ஃபிரேம் (பழைய ஃபிலிம் அளவு பெரிய சென்சார் உள்ள) கேமராவைச் செங்குத்தாகத் திருப்பிப் பிடித்து, நிற்கிற ஒருவரைத் தலை முதல் கால் வரை எடுக்க 85 மி.மீ. பிரைம் (ஜூம் ஆகாத) லென்ஸுக்குப் பதினைந்தடிக்கு மேல் தூரம் வேண்டும். பின்திரையில் நிழல் விழாமல் இருக்க ஆளை ஐந்தடி முன்னால் நிறுத்த வேண்டும். நாம் நிற்க இரண்டு மூன்று அடி. ஆக 23 அடி! கிராப் சென்சார் (சின்ன சென்சார் உள்ள) கேமரா என்றால் ஆளுக்கும் கேமராவுக்கும் நடுவிலேயே 25 அடி போய்விடும். கடைத்தெரு ஸ்டூடியோவில் அவ்வளவு நீளம் ஏது? அதே ஆளை ஃபுல் ஃபிரேமில் 24-70 மி.மீ. ஜூம் போட்டு 50 மி.மீ.-ல் வைத்தால் ஒன்பதடி போதும்.

85-க்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது எஃப்/1.8 என்ற அகலமான துவாரம் (எஃப் எண் சின்னதானால் துவாரம் பெரிது, வெளிச்சம் அதிகம், ஃபோகஸ் ஆழம் குறைவு). ஆனால் ஸ்டூடியோவில் ஃபிளாஷும் சாஃப்ட்பாக்ஸும் (வெளிச்சத்தை மென்மையாக்கும் துணிப்பெட்டி) வைத்து ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளி உணர்திறன்) 100, எஃப்/8 என்றுதானே எடுக்கிறோம்? ஐந்தடி தூரத்தில் 1.8-ல் எடுத்தால் மூன்றரை சென்டிமீட்டர் ஆழத்துக்குத்தான் ஃபோகஸ் நிற்கும். கண் பளிச்சென்று இருக்கும், ஜிமிக்கி கரைந்துவிடும். ஆசையாக ஜிமிக்கி போட்டு வந்த பெண்ணுக்கு அந்தப் படத்தைக் கொடுக்க எனக்கு மனசு வராது. எஃப்/8-ல் ஆழம் 15 சென்டிமீட்டர் வரை போகும். மூக்குத்தி, கண், ஜிமிக்கி எல்லாம் தெளிவாக வரும். அந்த எஃப்/8-ல் இரண்டு லென்ஸ் படங்களையும் ஆல்பம் அளவில் பிரிண்ட் போட்டு வைத்தால் வித்தியாசம் கண்டுபிடிப்பது கஷ்டம்.

அப்புறம் குழந்தைகள். முதல் பிறந்தநாள் குழந்தை பாயில் உட்கார்ந்த இடத்திலேயே இருக்காது. கிலுகிலுப்பை சத்தம் கேட்டதும் நம்மை நோக்கித் தவழ்ந்து வரும், சிரிக்கும். 85 வைத்திருந்தால் பின்னால் நகர்வதற்குள் அந்தச் சிரிப்பு போய்விடும். ஜூமில் வளையத்தைத் திருப்பினால் போதும்.

ஆனால் ஜூமில் ஒரு ஆபத்து உண்டு. 35-ல் வைத்து முகத்துக்கு இரண்டடி கிட்டே போனால் மூக்கு பெரிதாகும், காது பின்வாங்கும். இதற்குக் காரணம் லென்ஸ் அல்ல, தூரம்தான். 85 போட்டால் முகப் படத்துக்கு நாமே ஐந்தடி தள்ளி நின்றுவிடுவோம். ஜூம்காரர்கள் தரையில் ஐந்தடியில் ஒரு டேப் ஒட்டிவைத்து, முகப் படத்துக்கு அதைத் தாண்டாமல் இருந்தால் சரி.

எடையிலும் விலையிலும் 85-க்குத்தான் வெற்றி. கேனன் இஎஃப் 85 எஃப்/1.8 வெறும் 425 கிராம். அவர்களுடைய இஎஃப் 24-70 எஃப்/2.8 இரண்டாம் பதிப்பு 805 கிராம், விலையும் பல மடங்கு. ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சத்தில் எடுப்பவருக்கு 85-ஐ விட்டால் எனக்கு வேறு பதில் இல்லை. 70-200 ஜூமும் நல்ல லென்ஸ்தான், ஆனால் சின்ன அறையில் வேலைக்கு ஆகாது.

குடும்பப் படம், குழந்தை, முழு உருவம் என்று எல்லாம் வருகிற ஸ்டூடியோவுக்கு என் ஓட்டு ஜூமுக்கு. எப்படியும் எஃப்/8-ல்தான் எடுக்கப்போகிறோம் என்பதால் எஃப்/2.8 ஜூமுக்குப் பணத்தைக் கொட்ட வேண்டாம். 24-105 எஃப்/4 தாராளமாகப் போதும். மிச்சமாகும் பணத்தில் இன்னொரு ஃபிளாஷும் பெரிய சாஃப்ட்பாக்ஸும் வாங்குங்கள்.