பச்சையா, அகச்சிவப்பா: ராமன் கருவிக்கு எந்த லேசர்?

மாதிரிமேல் லேசரைப் பாய்ச்சி, சிதறும் ஒளியின் நிறமாலையைக் கொண்டு அது என்ன பொருள் என்று சொல்வது ராமன் கருவி. அதை வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "சிக்னல் எதில் அதிகம்?" என்றுதான். விடை 532 நானோமீட்டர் பச்சை லேசர். அலைநீளத்தின் நான்காம் அடுக்குக்கு எதிர்விகிதத்தில் சிதறல் குறைவதால், அதே திறனில் பச்சை, 785 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசரைப்போல ஏறக்குறைய 5 மடங்கும், 1064 நானோமீட்டர் லேசரைப்போல 16 மடங்கும் சிக்னல் தரும். ஆனால் இன்று கிடைத்த நிறமாலை அடுத்த வாரமும் அப்படியே கிடைக்குமா என்பதுதான் முக்கியம்.

மஞ்சள்தூளைப் பச்சை லேசரில் வைத்துப் பாருங்கள். அதன் நிறப்பொருளான குர்குமின் ஒளிர்ந்து பின்னணி எகிறும். பொருளை அடையாளம் காட்டும் நிறமாலை உச்சங்கள் அதில் மூழ்கிவிடும். மென்பொருளில் பின்னணியைக் கழித்தாலும் அது கொண்டுவந்த இரைச்சல் போகாது. லேசர் பட்டுக்கொண்டே இருக்க ஒளிர்வு மங்குவதால், முதல் பதிவும் கடைசிப் பதிவும் ஒத்துப்போகாது. 1064இல் அதே தூள் 1600 செ.மீ⁻¹ (லேசரிலிருந்து உச்சம் எவ்வளவு விலகியிருக்கிறது என்பதன் அலகு) பக்கம் தெளிவான உச்சங்களைக் காட்டும். (ஒளிர்வுத் தொல்லை புதிதல்ல. 1928இல் ராமனும் கிருஷ்ணனும் ஒளிரும் மாசைப் போக்கத் திரவங்களைத் திரும்பத் திரும்ப வாலைவடித்துத்தான் சோதித்தார்கள்.)

அப்படியானால் எல்லோரும் 1064 வாங்கலாமா? ஒளியைப் பதியும் வழக்கமான டிடெக்டரான சிலிக்கான் சிசிடி அங்கே குருடு. இண்டியம் காலியம் ஆர்சனைடு டிடெக்டர் வேண்டும். அதில் ஒளியே படாதபோதும் எழும் இருட்டு இரைச்சல் கூடுதல், பதிவு நேரமும் நீளும். சிக்னல் போதவில்லை என்று திறனை ஏற்றினால் கறுப்பு மாதிரி கருகிவிடும்.

785க்கும் குறை உண்டு. 3000 செ.மீ⁻¹ உச்சங்கள் 1027 நானோமீட்டரில் விழுகின்றன; சிசிடிக்கு அங்கே பார்வை மங்கல். சாதாரணக் கண்ணாடிக் குப்பியோ 1400 செ.மீ⁻¹ பக்கம் அகன்ற மேடு ஒன்றை எழுப்பும். அதை மாதிரியின் உச்சம் என்று நம்பிவிடுவது எளிது. குவார்ட்ஸ் குப்பிக்கு மாறுவது நல்லது.

அளவுத்திருத்தத்தில் பச்சைதான் வம்பு. லேசர் 0.1 நானோமீட்டர் நகர்ந்தால் 785இல் உச்சம் 1.6 செ.மீ⁻¹ தள்ளும், 532இல் 3.5. இடம் தெரிந்த உச்சமான சிலிக்கானின் 520.7 செ.மீ⁻¹ ஒன்றை மட்டும் சரிபார்த்துத் திருப்திப்படுவது எனக்கு ஒப்பாது. பாலிஸ்டைரீனின் 1001.4, 1602.3 இரண்டையும் தினமும் பாருங்கள்.

பலவகைக் கரிமப் பொடிகளும் மாத்திரைகளும் வரும் கல்லூரி ஆய்வகத்துக்கு என் தேர்வு 785. கிராஃபீன், நீர்க்கரைசல், கனிம உப்பு என்றால் யோசிக்காமல் 532. சாயம், மசாலாத்தூள், கச்சா எண்ணெயே அன்றாட வேலை என்பவர்கள் மட்டும் 1064க்குப் பணத்தை எடுத்துவையுங்கள்.